மாமா சொருகிய ஒயர்

எங்கள் கம்ப்யூட்டருக்கே மரியாதை கொடுத்துப் பேசிய மனிதர் அவர். "ஏனுங்க, என்ன பண்ணுதுங்க உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் சி.பி.யூ.வின் மூடியைக் கழற்றுவார். முதல் தடவை அப்படிக் கேட்டபோது என்னைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்து, "எனக்கு ஒண்ணும் இல்லீங்ணா, நல்லாத்தான் இருக்கறன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "சந்தோசமுங்க" என்று எனக்குத் தனியாக ஒரு பதில் சொல்லிவிட்டு, மறுபடி மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காந்திபுரத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே அவருடைய கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை. உள்ளே போனால் நிமிர முடியாது. ஆள் நல்ல உயரம் வேறு. அதனாலோ என்னவோ, வெளியே வந்தாலும் கொஞ்சம் குனிந்தபடியே நடப்பார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு பெயின்ட் பிரஷும் இருக்கும். பிரஷ், தூசி தட்ட. கோயம்புத்தூரிலிருந்து அன்னூர் வரை மொபெட்டில் வருவார். வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி, வாசலில் யார் நின்றாலும் அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார். எங்கள் நாய்க்குக்கூட ஒரு நாள் போட்டார்.

எல்லாம் சரி. ஒரே ஒரு கோளாறு அவரிடம் இருந்தது. யாரையும் பார்த்து "நீங்க செஞ்சது தப்புங்க" என்று அவரால் சொல்லவே முடியாது. சத்தியமாக முடியாது. நாக்கில் ஏதோ நரம்பு சுருட்டிக்கொள்ளும் போல.

என் கணவர் ஒரு நாள் கீபோர்டுக்கு மேலேயே தட்டை வைத்துக்கொண்டு தோசை தின்றார். அதற்குப் பிறகு பாதி எழுத்துகள் அமுங்கவில்லை. மெக்கானிக் வந்து கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினார். தோசைத் துணுக்கு, கடுகு, ஒரு முழுக் கறிவேப்பிலை எல்லாம் விழுந்தது. பக்கத்திலேயே என் கணவர் அசடு வழிய நின்றார். இவரோ அந்தக் கறிவேப்பிலையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் காத்து ஜாஸ்திங்க. எங்கிருந்தாவது பறந்து வந்திருக்குமுங்க" என்றார். கடுகு தாளித்த காற்று! எனக்கு வந்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

இன்னொன்று அவரே அறியாமல் எனக்குத் தெரிந்தது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் புதுசாக ஸ்பீக்கர் வாங்கினார். கம்ப்யூட்டரின் பின்பக்கம் ஸ்பீக்கருக்குப் பச்சை ஓட்டை, மைக்குக்கு ரோஸ் ஓட்டை என்று ஊர் உலகத்துக்கே தெரியும். ஹெட்மாஸ்டர் ரோஸில் சொருகிவிட்டு, "ரோஸ்தான் சத்தத்துக்கு. இது தெரியாதா?" என்று எல்லோருக்கும் பாடம் வேறு எடுத்தார். சத்தம் வரவில்லை என்று இவரைக் கூப்பிட்டார்கள். சாதாரண மெக்கானிக் என்றால் ஒயரைப் பிடுங்கிப் பச்சையில் சொருகிவிட்டு டீ குடித்துவிட்டுப் போயிருப்பான். இவர் கம்ப்யூட்டருக்குள்ளே போய், அரை மணி நேரம் தேடி, ரோஸ் ஓட்டையிலேயே சத்தம் வருகிற மாதிரி செட்டிங்கை மாற்றிவிட்டுப் போனார். அந்த மாடலில் அது முடியும். அதற்குப் பிறகு அந்த ஒரு வீட்டில் மட்டும் ரோஸ்தான் ஸ்பீக்கர். ஹெட்மாஸ்டர் சொன்னது சொன்னதுதான்.

"ஏனுங்ணா இப்படி? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு நிமிசத்துல முடிஞ்சிருக்குமே" என்று கேட்டேன்.

"மிசினு கோவிச்சுக்காதுங்களே அம்மணி" என்றார்.

நான் நேர் எதிர். மனதில் பட்டதை அந்த நிமிஷமே வாயில் போட்டுவிடுவேன். என் அம்மா, "உன்ற வாய் ஒரு நாளைக்கு உன்னை ஊட்டுக்கு வெளிய நிறுத்தும்" என்பாள். கிட்டத்தட்ட நிறுத்தியும்விட்டது.

கல்யாணமாகி அன்னூர் வந்த இரண்டாம் வருஷம், வீட்டை ஒட்டி இருந்த பழைய பருத்திக் குடோனில் கம்ப்யூட்டரும் இங்கிலீஷ் பேசவும் கற்றுக்கொடுக்கிற வகுப்பு ஆரம்பித்தேன். குடோன் என் மாமனாருடையது. ஒரு சொந்தக்காரர் அதில் உரக்கடை வைக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். மாமா, "ஒரு வருசம் பாக்கறன் கண்ணு. சரியா வந்தா நடத்து. இல்லீனா உரக்கடைக்கு உட்டுப்போடலாம்" என்றார். நியாயமான பேச்சு. வகுப்பும் நன்றாகத்தான் போனது. தறி ஓட்டுகிற பெண்கள், வங்கி வேலைக்குப் படிக்கிறவர்கள், மகன் வெளிநாட்டில் இருக்கிற இரண்டு அம்மாக்கள் என்று முப்பது பேர் சேர்ந்திருந்தார்கள்.

பதினோராவது மாதத்தில் என் வாய் வேலையைக் காட்டியது. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். மாமா பெருமையாக, "நம்ம மொட்டை மாடில குடை மாதிரி இருக்குது பாருங்க, அதுலதான் இன்டர்நெட்டு எறங்குது" என்றார். சும்மா இருந்திருக்கலாம். "மாமா, அது தப்பு. அது டி.வி. டிஷ்" என்றேன். விருந்தாளிகள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. பதினெட்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டில் மோர் வேண்டுமென்றால், பக்கத்தில் நிற்கிற என்னை விட்டுவிட்டு, அடுத்த அறையில் இருக்கிற என் கணவரைக் கூப்பிட்டு, "மோரு இருக்குதான்னு கேளு" என்பார். அந்தப் பதினெட்டு நாளில் உரக்கடைக்காரர் இரண்டு தடவை வந்து குடோன் சுவரை முழம் போட்டுப் பார்த்துவிட்டுப் போனார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த முப்பது பேரையும் கூட்டிக்கொண்டு நான் எங்கே போவேன்?

இதற்கு நடுவில் சத்தப் பிரச்சினை வேறு. இங்கிலீஷ் வகுப்புக்கு ஒரு கம்ப்யூட்டரையும் இரண்டு பெரிய ஸ்பீக்கரையும்தான் நம்பியிருந்தேன். பாடத்தில் ஒரு பெண்குரல் வரும். அந்தக் குரலுக்கு அடியில் எந்நேரமும் "ஙொய்ய்" என்று ஓர் இரைச்சல். தறிக்காரப் பெண் ஒருத்தி, "அக்கா, நானு தறிச் சத்தத்துல இருந்து தப்பிச்சு இங்க வந்தா, இங்கயும் தறி ஓடுதுங்" என்றாள். அதோடு அந்த சி.பி.யூ.வைத் தொட்டால் விரலில் சுருக்கென்று கடிக்கும். மதர்போர்டிலேயே கூட வருகிற சவுண்டு இப்படித்தான் இரையும், தனியாக ஒரு சவுண்டு கார்டு வாங்கிப் போட்டால் சுத்தமாகிவிடும் என்று நானே முடிவு செய்துவிட்டேன். மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் சி.பி.யூ.வைத் தொட்டார், சுருக்கென்று விரலை எடுத்தார், சுவரில் பிளக் பாயின்டைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது.

"என்னங்ணா, கார்டு போட்டாச் சரியாயிரும்ல?"

"நீங்க சொன்னா ஆகுமுங்க" என்றார். கார்டும் வாங்கி வந்து மாட்டிவிட்டார். ஒரு வருஷம் முடியப் போகிறதே, நல்ல நாளில் பேச வைக்கலாம் என்று அதுவரை நான் ஸ்பீக்கரையே போடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கூப்பிடாமலே, மொபெட்டில் ஓர் இரும்புக் குழாயைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கூடவே ஒரு மூட்டை கரியும் உப்பும். "பக்கத்துல ஒரு வேலைங்க. குழாய் மிச்சமாயிருச்சுங்க" என்று சொல்லி, குடோனுக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்குக் குழி தோண்ட ஆரம்பித்தார். மாமா வந்து பார்த்தார்.

"என்ன செடிங்க வெக்கறீங்க?"

"செடியாட்டத்தானுங்க ஐயா. தெனமும் ஒரு சொம்பு தண்ணி ஊத்தோணுமுங்க."

அன்றிலிருந்து மாமா பல் விளக்கியதும் அந்தக் குழாய்க்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவார். அது சி.பி.யூ. கடிக்காமல் இருக்கக் கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் குழாய் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. பதினெட்டு நாள் பட்டது போதும் என்று அப்போதாவது புத்தி வந்திருந்தது.

ஒரு வருஷம் முடிந்ததற்கு ஒரு சின்ன விழா வைத்தோம். மாமாவின் கோபத்தைத் தணிக்க என் கணவர் ஒரு யோசனை சொன்னார். புதுச் சவுண்டு கார்டை மாமா கையால் திறந்து வைக்க வேண்டும். கார்டை எப்படித் திறப்பது? ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, தாம்பாளத்தில் வெற்றிலைக்கு மேலே வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு மாமாவிடம் நீட்டுவது. மாமா சொருகியதும் பாடம் பேசும். இப்படி ஒரு திறப்பு விழா எங்கள் பக்கத்தில்தான் நடக்கும்! ஒயர் முனையில் யாரோ பக்தியாகச் சந்தனத்தை அப்பியிருந்தார்கள். மெக்கானிக் அதைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டு, "அவருக்குச் சந்தனம் ஒத்துக்காதுங்க" என்று ஒயருக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அறுபது பேர் வந்திருந்தார்கள். முன் வரிசையில் உரக்கடைக்காரர், இரண்டு கையிலும் போண்டாவோடு. மாமா கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் வந்து மேசைக்குப் பின்னால் குனிந்தார். நான் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். சி.பி.யூ.வின் பின்பக்கம் இப்போது இரண்டு பச்சை ஓட்டை இருந்தது. மேலே இருப்பது மதர்போர்டோடு வந்த பழசு. கீழே இருப்பது புதுக் கார்டினுடையது. சத்தம் கீழேதான் வரும். மாமா மேலே சொருகினார்.

என் கணவர் பாடத்தைத் தட்டினார். சத்தமில்லை. இன்னொரு தடவை தட்டினார். ம்ஹூம். மாமா நிமிர்ந்து ஸ்பீக்கரையே பார்த்தபடி நின்றார். "கரண்டு இருக்குதுங்களா மச்சான்? டிஷ்ஷத் திருப்பிப் பாருங்க!" என்றார் உரக்கடைக்காரர். கொல்லென்று சிரிப்பு. பாவி, அந்த டிஷ் கதை ஊர் முழுக்கப் போயிருக்கிறது. மாமாவின் இரண்டு காதும் சிவந்துவிட்டன. அவர் உரக்கடைக்காரரைப் பார்த்தார். பிறகு குடோனின் நாலு சுவரையும் பார்த்தார். என் வகுப்பு போச்சு என்று நினைத்தேன்.

என்ன தப்பு என்று எனக்குத் தெரியும். ஒயரைப் பிடுங்கிக் கீழே சொருகினால் முடிந்தது. வாயைத் திறந்துவிட்டேன். "மாமா, அது..."

"அம்மணி!" என்று ஒரு சத்தம். மெக்கானிக் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சித்த ஒரு சொம்பு தண்ணி குடுங்க. என்னமோ பண்ணுது."

பதறிப் போய் வீட்டுக்குள் ஓடினேன். சொம்போடு திரும்பி ஓடி வருகிறேன், குடோனே அதிர்கிற மாதிரி அந்தப் பெண்குரல்: "குட் மார்னிங்! ஹவ் ஆர் யூ?" இரைச்சல் ஒரு துளிகூட இல்லை. முன் வரிசைப் பெரியவர்கள் அனிச்சையாகக் கும்பிட்டு, "நல்லா இருக்கறமுங்க" என்றார்கள். கைதட்டல். மாமாவின் முகம் பொங்கல் பானை மாதிரி பூரித்திருந்தது. அவரோ நெஞ்சுவலி எல்லாம் போய், கீபோர்டு முன்னால் உட்கார்ந்து மௌஸைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் மெதுவாகப் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். ஒயர் மாமா சொருகிய இடத்திலேயே இருந்தது. மேலே.

அன்றைக்கே மாமா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "இனி வருசம் கிருசம்னு பேச்சில்லை. இந்த எடம் என்ற மருமகளுக்குத்தான்." உரக்கடைக்காரர் மூன்றாவது போண்டாவை வைத்துவிட்டார்.

கேட்டுக்கு வெளியே மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போனவரை ஓடிப் பிடித்தேன்.

"ஏனுங்ணா, சத்தத்தை மேல் ஓட்டைக்கு மாத்திப்போட்டீங்களா?"

"ரெண்டு கிளிக்குதானுங்க."

"அப்ப இரைச்சல்? பழைய சவுண்டு இரையுமே?"

அவர் ஹெல்மெட்டின் வாரைப் பார்த்தார். மொபெட்டின் விளக்கைப் பார்த்தார். "எர்த் சரியில்லீங்க. அதானுங்க இரைஞ்சது. குழாய் எறக்குனப்பவே அவரு சரியாயிட்டாருங்க."

"அப்படீன்னா கார்டே வேண்டியதில்லையா?"

அவர் பையிலிருந்த பிரஷை எடுத்து மொபெட்டின் சீட்டைத் தட்ட ஆரம்பித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மொதல்லயே சொல்றதுக்கு என்னங்ணா? நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?"

"நீங்க அவ்வளவு ஆசையாச் சொன்னீங்க..." என்று இழுத்தார். "இருந்துட்டுப் போகட்டுமுங்க. ஒயரை மட்டும் ஆரும் தொட வேண்டாமுங்க."

அன்றைக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. நம் தப்பை நம்மிடமே மறைக்கிற ஆளை எப்படி நம்புவது? டாக்டர் இப்படி இருந்தால் நோயாளி கதி என்ன? இரண்டு வாரம் அவருக்குப் போன் செய்யவில்லை. மூன்றாவது வாரம் பிரின்டர் மக்கர் செய்தது. வந்தார், பிரின்டரை நலம் விசாரித்தார், நான் தலைகீழாக வைத்திருந்த பேப்பரைப் பார்த்துவிட்டு, "இந்த மாடலு கொஞ்சம் சோம்பேறிங்க" என்றார். கோபம் எங்கே நிற்கும்?

அந்த ஒயரை ஒன்பது வருஷம் யாரும் தொடவில்லை. தூசி தட்டும்போதுகூட அதைச் சுற்றித்தான் தட்டுவேன். மாமா வருகிற போகிறவர்களிடம், "கார்டு போட்டதுக்கப்பறம் சத்தத்தைப் பாருங்க, எவ்வளவு சுத்தம்! நாந்தான் சொருகுனேன்" என்பார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஆமாங் மாமா" என்பேன். கார்டு உள்ளே சும்மாவே உட்கார்ந்திருந்தது. எப்போதாவது மாமாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டால் அந்தப் பதினெட்டு நாள் திரும்பி வருமே என்ற பயம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

மெக்கானிக் காந்திபுரம் கடையை மூடிவிட்டு மனைவியின் ஊரான உடுமலைப்பேட்டைப் பக்கம் போய்விட்டார். அங்கே தேங்காய்க் களங்களுக்குக் கேமரா மாட்டுகிறாராம். கேமராவுக்கும் கும்பிடு போட்டுக்கொண்டுதான் இருப்பார்.

போன மாதம் அந்தப் பழைய கம்ப்யூட்டரைக் கழித்துவிட்டுப் புதுசு வாங்க முடிவு செய்தோம். மத்தியானம், மாமா தூங்குகிற நேரமாகப் பார்த்து, ஒயரைப் பிடுங்கப் பின்னால் கையை விட்டேன்.

"புடுங்கு கண்ணு. எத்தனை நாளைக்குத்தான் தப்பான ஓட்டைல இருக்கும்?"

வாசலில் மாமா. எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

"உங்களுக்கு... தெரியுமுங்களா மாமா?"

அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "விசேசம் முடிஞ்சு மூணாம் நாளு, கார்டு வந்த அட்டைப் பெட்டி கெடந்துச்சு. அதுல படம் போட்டிருந்தான். படத்துல ஒயரு கீழ இருக்குது. நானு மேலல்ல சொருகுனேன்? நீ கடைக்குப் போயிருந்தப்ப வந்து, புடுங்கிக் கீழ சொருகிப் பாத்தேன். சத்தம் வல்லை. மறுக்கா மேல சொருகுனேன். வந்துருச்சு." சிரித்தார். "அப்பத்தான் புரிஞ்சுது. அத்தனை பேத்துக்கு முன்னால என்றகிட்ட வந்து தப்புன்னு சொல்லாம, மிசினவே எனக்குத் தக்கன திருப்பிப்போட்டிருக்கறாரு மனுசன்."

"ஏன் மாமா எங்கிட்டச் சொல்லவே இல்லை?"

"நீ எனக்காவ வாயைக் கட்டிட்டுத் திரிஞ்ச. உனக்கு அது எவ்வளவு செரமம்னு எனக்குத் தெரியாதா? அதைப் போய்க் கெடுப்பனா? அதுவுமில்லாம, அன்னைக்கு அவரு இல்லீனா இந்த எடத்தை உரக்கடைக்குத்தான் குடுத்திருப்பேன் கண்ணு. நெசமா. கோவத்துல குடுத்துட்டு, பொறவு உன்ற மூஞ்சில எப்படி முழிச்சிருப்பேன்?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே அவருக்குப் போன் செய்ய வேண்டும் என்று செல்லை எடுத்தேன். மாமா கையைப் பிடித்துத் தடுத்தார்.

"எனக்குத் தெரியும்னு அவருகிட்டச் சொல்லிப்போடாத. பாவம், சங்கடப்படுவாரு."

பிறகு மெதுவாக எழுந்து, ஒயரை அவரே பிடுங்கினார். "இப்பச் சொல்லு. எங்க சொருகோணும்?"

"நீங்க எங்க சொருகினாலும் சரிதான் மாமா. நான் மாத்திக்கறேன்."

"அது அவரு வேலை" என்றார் மாமா. "நீ உன்னாட்டவே சொல்லு."

"கீழ மாமா. மேல சொருகுனது தப்பு."

"அப்படிச் சொல்லு!" என்று குனிந்தார். நான் கம்ப்யூட்டரில் இரண்டு கிளிக் செய்து சத்தத்தைக் கார்டுக்கு மாற்றினேன். திறப்பு விழா கண்டு ஒன்பது வருஷமான கார்டு அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பேசியது. "குட் மார்னிங்! ஹவ் ஆர் யூ?"

சத்தம் முன்னால் வந்ததற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. மாமா தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சி.பி.யூ.வைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நல்லா இருக்கறமுங்க" என்றார். "நீங்க சௌக்கியமுங்களா? ரொம்ப நாளாக் காக்க வெச்சுப்போட்டேன்."